கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடுகள்

திங்கட்கிழமை விடியற்காலையில் நம் வயதுக்காரர்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கூட்டம் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வருவீர்கள். இன்னொரு கூட்டம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நிற்பீர்கள். நான் அந்த நேரத்தில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நமக்குப் பால்காரர் வருகிற நேரம்.

கால்பந்து என்றதும் நம் ஊர்க் கால்பந்தை நினைக்காதீர்கள். காலால் உதைப்பது அதில் எப்போதாவது ஒரு தடவைதான். பந்தும் உருண்டை இல்லை, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். தலையில் கவசம், தோளுக்குள்ளே பலகை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுவார்கள். நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னால் போக வேண்டும். போகாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். சட்டம் அவ்வளவுதான், மீதியெல்லாம் வக்கீல்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"இதுல என்ன இருக்குதுன்னு பார்க்கிறீங்க அத்தை?" என்று என் மாப்பிள்ளையே கேட்டிருக்கிறார். பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள், ஏதோ விளையாட்டு, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். உண்மையான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் என் வயதுக்காரர்கள் என்பதால்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு முடித்து எட்டுக்குப் போகிற லீவு. விருத்தாசலத்து வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்தது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விட்டு, விரல் நுனியெல்லாம் தோல் கறுத்து உரிந்து வருவாள். தெருவில் யார் வாயைத் திறந்தாலும் முந்திரிப்பழ வாடை அடிக்கும். உப்புத் தொட்டுத் தின்றாலும் தொண்டை கரகரக்கும், ஆனாலும் தின்போம்.

அப்பா ஒரு பொம்மைக் கம்பெனியில் வண்ணம் தீட்டுகிறவர். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை, பின்னால் ஒரு சூளை, இருபது பேர். களிமண் கூழை அச்சுக்குள் ஊற்றி, இறுகினதும் பிரித்து எடுத்தால் பொம்மை வரும். அச்சு சேர்கிற இடத்தில் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு வரப்பு இருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுப்பது பெண்பிள்ளைகளின் வேலை. என் அக்கா அந்த வேலையில்தான் இருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

கம்பெனியில் மரியாதையான இடம் கலர் டேபிள். அதிலும் மரியாதை கண் எழுதுகிறவருக்கு, அதாவது அப்பாவுக்கு. உடம்பு, துணி, நகை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். கண்ணை மட்டும் அப்பா காலையில் குளித்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல், கிழக்கே பார்த்து உட்கார்ந்து எழுதுவார். அந்த நேரத்தில் கொட்டகையில் யாரும் பேசக் கூடாது. கண் எழுதாத வரைக்கும் அது மண்ணு, எழுதினால்தான் பொம்மை என்பார். கொலுவுக்குப் போகிற மீனாட்சிக்கும் அப்படித்தான், மளிகைக்கடை மேஜைக்குப் போகிற செட்டியார் பொம்மைக்கும் அப்படித்தான்.

அக்காவுக்குக் கண் எழுத வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. ஒரு தடவை சுட்டு எடுத்த வெள்ளைப் பொம்மையை எங்கள் ஊரில் பிஸ்கட் என்பார்கள். உடைந்த பிஸ்கட் சில்லுகளைப் பாவாடையில் முடிந்துகொண்டு வருவாள். அப்பாவின் தேய்ந்துபோன தூரிகையால் ஒவ்வொரு சில்லிலும் ஒரு கண் எழுதுவாள். கிணற்றடியில் நான் பாத்திரம் தேய்க்கும்போது சுவரோரம் அடுக்கி வைத்த முப்பது நாற்பது கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் கண்ணிலும் கோடு நடுங்கியிருக்காது. ஒருநாள் முதலாளி எதற்கோ எங்கள் வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த ஆர்டர் முடியட்டும். பெரியவள உங்க பக்கத்துல ஒக்கார வச்சிக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அதுவரைக்கும் கலர் டேபிளில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தது கிடையாது. அன்று அக்கா ராச்சாப்பாடு சாப்பிடவில்லை, சந்தோஷத்தில்.

அந்த அடுத்த ஆர்டர்தான் அமெரிக்காவிலிருந்து வந்தது. மெட்ராஸில் ஓர் ஏற்றுமதிக்காரர், அவர் வழியாக மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. திறந்தால் மரச்சீவலுக்குள் ஐந்து பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒரு ஜாண் உயரம். அதே மாதிரி நாம் செய்து கொடுக்க வேண்டும். கொட்டகையே வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றது. நானும் லீவில் அங்கேதானே கிடப்பேன், முட்டி மோதிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

ஐந்து பேருமே தலையில் கவசமும், மூக்குக்கு முன்னால் குறுக்கே ஒரே ஒரு கம்பியுமாக இருந்தார்கள். ஒருவன் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தான். ஒருவன் பந்தைக் காதுக்குப் பக்கத்தில் ஓங்கிக்கொண்டு எறியத் தயாராக நின்றான். இன்னொருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான். நாலாவது ஆள் எம்பிக் குதித்து இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தான். ஐந்தாவது ஆள் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் முன்னால் விரித்துக்கொண்டு சும்மா நின்றான். அவனிடம் பந்து இல்லை.

"மோட்டார் சைக்கிள் வுடுறவனுங்களா?" என்றார் அச்சு எடுக்கிறவர்.

"அமெரிக்காவுல கால்பந்து ஆடுறவனுங்களாம். மெட்ராஸ்காரரு சொன்னாரு" என்றார் முதலாளி.

"கால்பந்துன்னா கால்ல இல்ல இருக்கணும். இவன் அக்குள்ள வச்சிக்கிட்டு ஓடுறான். எங்கியோ தேங்கா திருடிட்டு வந்த மாதிரி இருக்குது" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அதுவரைக்கும் நான் பார்த்த பொம்மைகள் எல்லாம் நிற்கும், உட்காரும், ஆசீர்வாதம் பண்ணும். ஓடுகிற பொம்மையை அன்றுதான் பார்த்தேன். எறிகிறவனுடைய தோளைப் பார்த்ததும் என் தோளில் என்னவோ செய்தது. எப்படிச் சொல்வது? மாங்காய் அடிப்பதில் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கை அங்கிருந்து எப்படி வந்து எங்கே முடியும் என்று எனக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்தது. அவன் யாரோ, எந்த ஊரோ, என் வேலையைச் செய்துகொண்டிருந்தான்.

சட்டமும் தெரியாது, பேரும் தெரியாது. ஐந்து பொம்மையை வைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகள் நாங்களே அந்த விளையாட்டைக் கட்டினோம். பந்துதான் முதல் பிரச்சினை. நிஜத் தேங்காயை வைத்து ஆடியதில் ஒருவனுக்குப் பல் போனது. அப்புறம் அக்காதான் கோணிச்சாக்கை அளவாக வெட்டி, உள்ளே மரச்சீவலைத் திணித்து, இரண்டு முனையும் கூர் வருகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். பொம்மையின் பந்தில் வெள்ளைத் தையல் எட்டு இருந்தது. அவளும் வெள்ளை நூலால் எண்ணி எட்டுத் தையல் போட்டாள். சாயங்காலம் ஆற்று மணலில் ஆட்டம். பாலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

குனிந்து தரையில் கை ஊன்றியவனை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம் தெரியுமா? பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறான் என்று. கபடிக்காரர்கள் செய்வதுதானே. அதனால் எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு தடவையும் இரண்டு கட்சியும் எதிரெதிரே குனிந்து, மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் பந்தை எறிவோம். ஐந்தாவது ஆள்தான் யாருக்கும் விளங்கவில்லை. கையை விரித்துக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்துக் கோழி பிடிக்கிறவன் என்று பேர் வைத்தோம். அவனுக்கு என்ன வேலை கொடுப்பது? பந்து முள்ளுக்குள் விழுந்தால் போய் எடுத்து வருகிற வேலையைக் கொடுத்தோம். யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருவாள். தாவணி கட்டினவள் ஓட முடியாது, அவளே கோழி பிடிக்கிறவளாக நின்றாள்.

நான்தான் எறிகிறவள். எங்கள் கட்சி தோற்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. தோற்றிருப்போம், அதை மறந்திருப்பேன்.

ஒருநாள் பாவாடை இடுப்பு வரைக்கும் கிழிந்து, முழங்கையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடிக்கவில்லை. "பசங்களோட ஆத்துல உருண்டுட்டு வர்றவளுக்கு ஸ்கூலு எதுக்கு? இன்னொரு தரம் உன்னால ஏதாவது வம்பு வந்துது, பொஸ்தகத்த தூக்கிப் பரண்ல போட்டுட்டு அக்காகூட ஸ்பாஞ்சு புடிக்க வந்துடணும்" என்றார். அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அக்காவை நிறுத்தியபோதும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், மறுநாள் நிறுத்திவிட்டார். நான் அன்றிலிருந்து பூனை மாதிரி நடந்துகொண்டேன்.

பொம்மையிலிருந்து அச்சு எடுக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவி, மேலே பிளாஸ்டர் ஊற்றுவார்கள். அந்த ஐந்தும் சோப்பும் பிளாஸ்டர் பொருக்குமாக அச்சு வேலையிலிருந்து திரும்பி வந்தன. இனி அதைப் பார்த்துத்தான் அப்பா வண்ணம் தீட்ட வேண்டும். "பெரியவளே, இத நல்லா தொடச்சி டேபிள்ல வையி" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. அந்த மூக்குக் கம்பிகளை அச்சில் எடுக்க முடியாது. களிமண்ணை நூலாக உருட்டி, ஒவ்வொரு கவசத்திலும் கூழ் தொட்டு ஒட்ட வேண்டும். காய்வதற்குள் ஒட்டியாக வேண்டும். "நீ தொடச்சி வையேன்டி" என்று என்னிடம் தள்ளினாள்.

ஈரத்துணியால் துடைத்தேன். எல்லாம் போனது, ஒன்று மட்டும் போகவில்லை. ஐந்து பேருக்கும் கண்ணுக்குக் கீழே கன்னத்து எலும்பில் பட்டையாக இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தன. பாவம், கண்மை கரைந்து வழிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் குழந்தைக்கு மை வைத்தால் அழுது வழிந்து இப்படித்தானே ஆகும். கப்பலில் வந்ததில் ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். நல்ல பேர் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வேறு. அப்பா வர்ணம் கரைக்க வைத்திருந்த டர்பன்டைனில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். அழகாக வந்துவிட்டது. ஐந்து முகத்தையும் பளிச்சென்று ஆக்கி டேபிளில் வரிசையாக வைத்தேன்.

அப்பா வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே, பொட்டியத் தொறந்தப்ப மூஞ்சில என்னா அழுக்கு" என்று அக்காவைப் பாராட்டினார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்புறம் ஒரு மாதம் வேலை நடந்தது. அப்பா குளித்துவிட்டு, டீ குடிக்காமல், கிழக்கே பார்த்து உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களுக்குக் கண் எழுதினார். சும்மாவா எழுதுவார்? காது வரைக்கும் நீண்ட கண், மேலும் கீழும் மை, வில்லாகப் புருவம். உதட்டுக்கு லேசாகச் சிவப்பு. மூக்குக் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவனும் கருணையோடு பார்த்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. உலகத்திலேயே அழகான ஆட்டக்காரர்கள் எங்கள் கொட்டகையில்தான் இருந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறக்க ஐந்தாறு நாள் இருக்கும்போது மெட்ராஸ்காரர் சரக்கைப் பார்க்க வந்தார். பலகைகளில் பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நான் ஒரு மூலையில் மரச்சீவல் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். முகத்தைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"என்னங்க இது, பரதநாட்டியம் ஆடப் போறவன் மாதிரி இருக்கான்" என்றார். பையிலிருந்து ஒரு கலர் படத்தை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். "கண்ணுக்குக் கீழ கறுப்புப் பட்டை இருக்கு பாருங்க. வெயில்ல கண்ணு கூசாம இருக்க அவங்க பூசிக்கிறது. அது எங்க? ஒண்ணுல கூட இல்லையே."

முதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா மாதிரிப் பொம்மைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றின் முகங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. மெட்ராஸ்காரர் நிமிர்ந்து பார்த்து, "சாம்பிளையே தொடச்சி வச்சிருக்கீங்களே?" என்றார்.

அப்பா ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு தொடச்சது?" என்றார் அப்பா. கேட்டுக்கொண்டே அவர் பார்வை முதலில் என் மேல்தான் வந்தது. வீட்டில் வம்பு யாரால் வரும் என்று அவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்கு வாங்கி அட்டை போட்டு வைத்த புத்தகங்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. சொல்ல வேண்டும் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஓடிவிடலாமா என்றுதான் பார்த்தேன்.

"நான்தாம்பா" என்றாள் அக்கா. எழுந்து எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். கையெல்லாம் களிமண். "அழுக்குன்னு நெனச்சி டர்பன்டைன் போட்டுத் தொடச்சிட்டேன்."

அப்பா அறைந்தார். இருபது பேர் முன்னால், வயசுக்கு வந்த பெண்ணை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கால் நகர்ந்தது, திரும்பவும் அதே இடத்தில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நான் இருந்தேன். அவள் முதுகைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"வுடுங்க, பொண்ண அடிச்சி என்னா ஆவப்போவுது" என்று முதலாளி அப்பாவின் கையைப் பிடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கறுப்புக் கோடு போட்டு மறுபடி சூளையில ஏத்திக்கலாம். ஆனா ஒண்ணு. கலர் டேபிளுக்கு இவ வேணாம். கேட்டுட்டுச் செய்யுறவதான் அங்க வேணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பாவும் கெட்டவர் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்த அன்றே அந்தக் கோடுகளைப் பார்த்து அழுக்கு என்று நினைத்தவர் அப்பாதான். என்ன இது என்று அவரும் யாரையும் கேட்கவில்லை. தான் செய்த அதே தப்புக்குத்தான் பெண்ணை அறைந்திருக்கிறார். இது எனக்கு அறுபது வயது தாண்டிய பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் உறைத்ததா என்று தெரியாது.

இரண்டு நாள் எல்லோரும் உட்கார்ந்து கறுப்புக் கோடு போட்டார்கள். கோடு போட அதிகக் கை வேண்டியிருந்தது. சூளைக்கு விறகு தள்ளுகிறவரைக் கூட உட்கார வைத்தார்கள். கொட்டகையிலேயே நடுங்காத கை அக்காவுடையது. அவள் ஸ்பாஞ்சு வாளியோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே கிணற்றடிச் சில்லுகளை வாரிக்கொண்டுபோய் எங்கோ கொட்டிவிட்டாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை. கோணிப்பந்து ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்தபோது போனது.

நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். ஒன்பது, பத்து என்று போய், ஈட்டி எறிந்து மாவட்டத்துக்குப் போய், வேலையும் வாங்கினேன். அக்கா இரண்டு வருஷம் கழித்துத் திட்டக்குடிப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டாள். கம்பெனியில் கடைசி நாள் வரைக்கும் ஸ்பாஞ்சுதான் பிடித்தாள். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு நான் போவேன், ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். அந்த ஒன்றின் பக்கம் மட்டும் போகமாட்டோம். நான்தான் போகமாட்டேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போனேன். உங்களில் பாதிப் பேர் போயிருப்பீர்கள், அந்தக் கதை தெரியும். வெளியே பனி, உள்ளே ஹீட்டர், பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டே டீவியைப் போட்டேன். பச்சைத் தரையில் ஒருவன் குனிந்து கையை ஊன்றினான். எனக்குக் கையிலிருந்த துணி விழுந்துவிட்டது. பின்னால் ஒருவன் பந்தைக் காதுக்குப் பக்கத்தில் ஓங்கினான். நம்ம பொம்மைகள். எங்கள் கொட்டகையின் பொம்மைகள் உயிர் வந்து ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பு கூட இருந்தது. மகள் உள்ளேயிருந்து, "ஏம்மா அழுவுற?" என்று ஓடி வந்தாள்.

பூமியைத் தொட்டவன் எவனும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஐந்தாவது ஆள் யார் என்று தெரிந்தது. அவன் கோழியும் பிடிக்கவில்லை, பந்தும் பொறுக்கவில்லை. எறிகிறவனுக்கு முன்னால் நிற்கிறான். எதிர்க்கட்சியில் ஆறடி ஆட்கள் எறிகிறவனை நசுக்கப் பாய்ந்து வருவார்கள். இவன் கையை விரித்துக்கொண்டு அத்தனை அடியையும் தன் நெஞ்சில் வாங்குகிறான். மூன்று நொடி, நாலு நொடி. அதற்குள் எறிகிறவன் எறிந்தாக வேண்டும். ஆட்டம் முழுக்க இவன் கைக்குப் பந்து வராது. கை தட்டல் எறிந்தவனுக்கு. இவன் பேரை வர்ணனை செய்கிறவர்கள் சொன்னால் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். தொப்பையும் தொந்தியுமாக, அழுக்கு மூட்டை மாதிரி, எழுந்து எழுந்து அதே இடத்தில் போய் நிற்பான்.

அதிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதில்லை. எல்லோரும் பந்து போகிற பக்கம் பார்க்கும்போது நான் எறிகிறவனுக்கு முன்னால் இவனைப் போல வரிசையாக நிற்கிற ஐந்து பேரைப் பார்ப்பேன். ஒருவன் நெஞ்சில் மோதல் விழும்போது எனக்குக் கன்னம் சுடும். நான் இந்த விளையாட்டை ஏன் விரும்புகிறேன் என்று கேட்டால் பதில் இதுதான். இவ்வளவு பெரிய மைதானத்தில், இவ்வளவு சத்தத்தில், அடி வாங்குவதற்கென்றே ஓர் ஆளை வைத்து அதை ஒரு வேலை என்று மதிக்கிற விளையாட்டு இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

அத்தான் போன பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். அறுபத்தெட்டு வயது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டு, போனை நான் தலையணையில் சாய்த்து வைத்ததும் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒன்றும் புரியாது, ஆனாலும் பார்ப்பாள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஒருவன் பந்தை வாங்கிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடினான். கூட்டம் எழுந்து நின்றது. அக்கா திரையில் கீழ்ப்பக்கம் காட்டி, "இவன் வுழுந்து கெடக்கிறானே, எவனும் தூக்கலியே" என்றாள்.

"அவன்தான் முட்டித் தள்ளி வழி பண்ணிக் குடுத்தான்க்கா. ஓடுறவன் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றேன். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பேச்சு அப்படித்தான் வந்தது. "அக்கா, அன்னிக்கு நீ ஏன் சொன்ன?"

"என்னிக்கு?"

"பொம்மை தொடச்சது."

"ஓ, அதுவா" என்றாள். டீயை ஒரு வாய் குடித்தாள். "நீ சொல்லிடப் போறன்னு இருந்துது. அதான் முந்திக்கிட்டேன்."

அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். நல்ல பேர், இனாமாகக் கிடைத்தது. ஆனால் அவளிடம் அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "இல்லக்கா. நான் சொல்லியிருக்கவே மாட்டேன். ஓடிப்போவலாமான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். ஒம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான எழுந்தேன்" என்றாள்.

நான் போனை அணைத்தேன். கேட்டுவிடுவது என்று கேட்டேன். "ஒனக்குக் கண்ணு எழுதணும்னு எவ்ளோ ஆசை. அந்த வருத்தம் இருந்துதாக்கா?"

"இருக்குது" என்றாள். "ஏன், இருக்கக் கூடாதா?" தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்காக? நாளைக்கே அந்த மெட்ராஸ்காரன் திரும்பி வந்து கேட்டாலும் நான்தான் தொடச்சேன்னு சொல்லுவேன். நீ நடுவுல வாயத் தொறக்காத."